காலியான பக்கத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் ஊழியக்காரர்களுக்கும், ஸ்தோத்திரம்.

நான் சபையில் கடைசி வரிசையில் உட்காருகிற ஒரு விசுவாசி. இறையியல் படித்தவன் அல்ல. பிறந்ததிலிருந்து பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன், வேதத்தைத் தினமும் வாசிக்கிறவன், அவ்வளவுதான். கர்த்தருடைய வருகையைப் பற்றியும் ஜெபத்துக்குக் கிடைக்கிற பதிலைப் பற்றியும் நீங்கள் பேசுகிற விதம் குறித்து உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் தயங்கிவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன்.

என் அம்மாவிடம் ஜெப நோட்டு உண்டு. பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருப்பார். இடது பக்கம் யாருக்காக, என்ன கேட்டார், எந்தத் தேதி. வலது பக்கம் பதில் வந்த தேதி. இடது பக்கம் பென்சில், வலது பக்கம் பேனா. ஏன் அப்படி என்று சின்ன வயதில் கேட்டேன். "நாம கேக்குறது மாறலாம்டா, அவர் கொடுத்தது மாறாது" என்றார். இப்படிப் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. எதிர்வீட்டுப் பெண்ணின் பிரசவம், தம்பியின் பரீட்சை, யாரோ ஒருவருடைய குடிப்பழக்கம், அறுவை சிகிச்சைக்குப் போகிற ஒரு குழந்தை என்று பக்கம் பக்கமாகப் போகும். வலது பக்கத்தில் பாதிக்கு மேல் பேனா மை விழுந்திருக்கிறது. மீதி காலி.

சாட்சி நேரத்தில் அம்மா எழுந்து வலது பக்கத்தை வாசிப்பார். சபை "அல்லேலூயா" சொல்லும். காலியாக இருக்கிற வரிகளைப் பற்றி ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. ஆனால் அவற்றை அவர் அடித்துவிடவும் இல்லை. தினமும் காலையில் அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டியபடி ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சிகிச்சையும் நடந்தது, ஜெபமும் நடந்தது. உபவாச ஜெபம், இராமுழு ஜெபம், எண்ணெய் பூசி ஜெபம் என்று சபையே நின்றது. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பத்து மாதம் ஆகியும் கட்டி கரையவில்லை. ஒருநாள் மாலை ஒரு போதகர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்தார். முடித்துவிட்டு, "இந்த வீட்டில் ஓர் ஆகான் ஒளிந்திருக்கிறான். அவனை வெளியே கொண்டுவராதவரை நம் ஜெபம் கூரையைத் தாண்டாது" என்றார்.

ஆகான் என்பவன் எரிகோவில் விலக்கப்பட்ட பொருளைத் திருடிக் கூடாரத்தில் ஒளித்துவைத்து, இஸ்ரவேல் முழுவதற்கும் தோல்வி வரக் காரணமானவன். போதகர் போய்விட்டார். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கடைசி மூன்று வாரமும் தன் வாழ்க்கை முழுவதையும் கிளறித் தேடினார். சிறுமியாக இருந்தபோது சொன்ன பொய் முதற்கொண்டு ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி அறிக்கை செய்தார். முப்பது வருடத்துக்கு முன் மனஸ்தாபப்பட்ட ஓர் உறவினருக்கு மன்னிப்புக் கேட்டு என்னை விட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போட விரல் வளையவில்லை, பேனாவை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மறுநாள், "இன்னும் ஏதோ இருக்குடா, எனக்குத்தான் ஞாபகம் வரல" என்றார். வலியோடு போயிருந்தால் தாங்கியிருப்பேன். குற்ற உணர்ச்சியோடு போனதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஐயா, யோசுவா 7-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆகான் இருக்கிறான் என்று யோசுவா ஊகித்துச் சொல்லவில்லை. கர்த்தரே சொன்னார். கோத்திரம், வம்சம், குடும்பம் என்று படிப்படியாகக் குறித்துக் காட்டியதும் அவரே. ஊகித்துச் சொன்னவர்கள் வேதத்தில் வேறு இடத்தில் இருக்கிறார்கள். யோபுவின் மூன்று சிநேகிதர்கள். நீ கஷ்டப்படுகிறாய், ஆகவே நீ பாவம் செய்திருக்கிறாய் என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் யாருக்கு விரோதமாக மூண்டது? அவர்களுக்கு விரோதமாகத்தான். அவர்கள் தப்பியது எப்படி என்றால் யோபு அவர்களுக்காக ஜெபித்ததால். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுகிற ஒவ்வொருவரும் அந்தக் கடைசி அதிகாரத்தை வாசித்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தைதான் வந்தது. இதை நீங்கள் எல்லோரும் பிரசங்கித்திருக்கிறீர்கள். ஆனால் துரோப்பீமுவைப் பற்றி யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் ஒரே ஒரு வரி வருகிறது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று. அவ்வளவுதான். பவுலின் உடம்பில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டபோது நோயாளிகள் சுகமானதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் தன் உடன் ஊழியரை நோயோடு விட்டுவிட்டு வந்தார். காரணம் எழுதவில்லை. அவன் விசுவாசம் குறைந்தவன் என்று எழுதவில்லை, ஆகானைத் தேடச் சொல்லவும் இல்லை. அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை வாசித்திருக்கிறேன் தெரியுமா? அம்மாவின் காலியான வரிகளைப் பவுலே தன் கையால் எழுதி வைத்ததுபோல இருந்தது.

கெத்செமனேயை நான் விளக்க வேண்டியதில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவரே பாத்திரம் நீங்கும்படி கேட்டார். நீங்கவில்லை. அங்கே ஆகான் யார் என்று கேட்கிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

சரி, இது ஜெபத்தைப் பற்றியது. வருகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் நடக்கிறது ஒரே காரியம்தான் என்பது என் எண்ணம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். இரகசிய வருகையைப் பற்றி, அதாவது ஆண்டவர் திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்பதைப் பற்றி, தொடர் கூட்டம் நடந்த வாரம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. தையல் மெஷினில் துணி பாதி தைத்தபடி ஊசியோடு நின்றது. அம்மாவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று முடிவு செய்தேன். காலையில் தம்பியை அடித்தது ஞாபகம் வந்தது. தெருவில் ஆட்கள் நடமாடுவதைப் பார்த்தும் பயம் போகவில்லை. அவர்கள் சபைக்கு வருகிறவர்கள் அல்ல, ஆகவே அவர்களும் கைவிடப்பட்டவர்கள்தான் என்று தோன்றியது. போதகர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. என் அம்மா பக்கத்து வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று செருப்புகூடப் போடாமல் ஓடியிருந்தார்.

அதற்குப் பிறகும் பல இரவுகள் விழித்தெழுந்து அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருக்கிறேன். இதே கதையை என் வயதுக்காரர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். வீடு மட்டும்தான் வேறு. ஆண்டவர் தம்மிடம் வந்த சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் அவர் வருவதை நினைத்து நடுங்கினால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது.

அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு ஒருவரும் அறியார் என்று ஆண்டவரே சொன்னார். குமாரனும் அறியார் என்று மாற்குவில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு சீஷர்கள் மறுபடியும் கேட்டபோது, அது "உங்களுக்கு அடுத்ததல்ல" என்றார். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனாலும் யுத்தம் வந்தால், கொள்ளைநோய் வந்தால், ஒரு புது இயந்திரம் வந்தால், உடனே இதுதான் வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிற மிருகத்தின் எண் 666 என்று ஒரு பிரசங்கம் வருகிறது. முந்தைய தடவை சொன்ன 666 என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

1844-ஆம் வருடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் 8-ஆம் அதிகாரத்தின் 2300 நாட்களை வருடங்களாகக் கணக்கிட்டு, வருகை 1843-க்கும் 1844-க்கும் நடுவில் என்று பிரசங்கித்தார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சில விவசாயிகள் விளைந்ததை அறுக்காமல் நிலத்திலேயே விட்டார்கள். அன்று இரவு முழுவதும் காத்திருந்தார்கள். விடிந்தது. பொழுது புலரும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவர் பிறகு எழுதினார். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஆண்டவரை உண்மையாக நேசித்தவர்கள். அதனால்தான் அந்த விடியற்காலையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்த மாதம், அதாவது அதே 1844 நவம்பரில், கடலுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் ஐந்து பேருடைய மனமாற்றத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார். அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர், ஜெபங்களையும் பதில்களையும் எழுதி வைத்தவர். நீங்கள் மேடையில் அடிக்கடி எடுத்துச் சொல்கிற அதே முல்லர்தான். ஒருநாளும் விடாமல் ஜெபித்தார். பதினெட்டு மாதத்தில் ஒருவர் மனம் திரும்பினார். இன்னும் ஐந்து வருடம் கழித்து இரண்டாமவர். மேலும் ஆறு வருடம் கழித்து மூன்றாமவர். முப்பத்தாறு வருடம் ஆன பிறகும் இரண்டு பேர் மனம் திரும்பவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் கர்த்தரை நம்பி ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன் என்றும் எழுதினார். அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எனக்குள் ஏதோ குறை என்று தன்னையும் கிழித்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு வரிகளைக் காலியாகவே வைத்திருந்தார்.

ஒரே மாத இடைவெளியில் இரண்டு காத்திருப்புகள். ஒன்றில் தேதி இருந்தது, மற்றதில் இல்லை. தேதி இருந்தது ஒரே இரவில் உடைந்தது. தேதி இல்லாதது முப்பத்தாறு வருடம் தாங்கியது. நான் சொல்ல வருவது இதுதான். பிதா தம்முடைய ஆதீனத்தில் வைத்துக்கொண்ட காலியிடங்கள் இரண்டு உண்டு. அவர் வருகிற நாள் ஒன்று, பதில் வராத ஜெபத்தின் காரணம் இன்னொன்று. நீங்கள் முதலாவதைத் தேதியால் நிரப்புகிறீர்கள், இரண்டாவதை நோயாளியின் பாவத்தால் நிரப்புகிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் நிரப்பாதீர்கள். காலியாக இருப்பது தாங்க முடியாததால்தான் நிரப்புகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் எங்களுக்கு அது போதும் ஐயா.

நியாயத்தீர்ப்பைப் பற்றியே பேசாதீர்கள் என்று நான் எழுதவில்லை. அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியாயத்தீர்ப்பை நான் விசுவாசிக்கிறேன். அதற்கும் மேலே, எனக்கு அது வேண்டும். கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காகக் காட்டு மரங்கள் எல்லாம் சந்தோஷத்தால் ஆர்ப்பரிக்கும் என்று சங்கீதம் 96 பாடுகிறது. நியாயம் மறுக்கப்பட்டவனுக்கு நியாயாதிபதி வருவது நல்ல செய்தி. ஆண்டவர் சொன்ன உவமையில் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போய் நின்ற விதவையைப் பாருங்கள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன உவமை அது. ஆனால் அவள் கேட்டது என்ன? தன் எதிராளியிடமிருந்து நியாயம். ஆண்டவர் உவமையை முடித்ததும் தாம் திரும்பி வரும் நாளைப் பற்றிய கேள்வியோடுதான். மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ என்று. ஜெபமும் நியாயத்தீர்ப்பும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

வெளிப்படுத்தின விசேஷம் 8-ஆம் அதிகாரத்தை நீங்கள் எக்காளங்களுக்காக வாசிப்பீர்கள். நான் அதற்கு முந்தைய சில வசனங்களுக்காக வாசிக்கிறேன். ஏழாம் முத்திரை உடைந்ததும் பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதி உண்டாகிறது. அந்த அமைதியில்தான் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபப் புகையோடு தேவனுக்கு முன்பாக எழும்புகின்றன. எல்லாம் எழும்பிய பிறகே முதல் எக்காளம். ஒரு விதவையின் ஜெபத்தைக் கேட்கப் பரலோகமே பேச்சை நிறுத்துகிறது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவின் பென்சில் வரிகளும் அந்தப் புகையில் இருக்கும். கூரையைத் தாண்டவில்லை என்று யார் சொன்னது?

இன்னொரு காரியம். எங்கேயாவது பூமி அதிர்ந்தால், கடல் பொங்கினால், அந்த மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று சில மேடைகளில் உடனே சொல்கிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று ஆண்டவர் கேட்டு, அப்படியல்ல என்றும் சொன்னார். சமாரியரின் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கக் கேட்கலாமா என்ற சீஷர்களை அதட்டினார். நியாயத்தீர்ப்பு வருகிறது என்று உண்மையாகவே அறிந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஆபிரகாம் சோதோமுக்காக ஐம்பது பேரில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் ஆறு தடவை மன்றாடினார். ஆமோஸ் வெட்டுக்கிளிகளையும் அக்கினியையும் தரிசனத்தில் கண்டு, யாக்கோபு சிறுத்துப்போனான், எப்படி நிற்பான் என்று கெஞ்சினார். இரண்டு தடவையும் கர்த்தர் மனஸ்தாபப்பட்டு, அது நடக்காது என்றார். தண்டனை வரவேண்டும் என்று நினிவே நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்து பார்த்தவர் யோனா ஒருவர்தான். அந்த நகரத்தில் வலது கை எது இடது கை எது என்று அறியாத லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான பேர் இருக்கிறார்கள், மிருகங்களும் இருக்கின்றன என்று கர்த்தர் அவரிடம் கேட்டதோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சாட்சி நேரத்தில் பதில் கிடைக்காதவர்களுக்கும் எழுந்து நிற்க ஓர் இடம் கொடுங்கள். இன்னும் கிடைக்கவில்லை, இன்னும் கேட்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நாள் குறித்தும் அடையாளம் குறித்தும் சொன்னது நடக்காமல் போனால், சொன்ன அதே மேடையிலேயே தவறிவிட்டேன் என்று சொல்லுங்கள். 2011-இல் நியாயத்தீர்ப்பு நாள் மே 21 என்று உலகமெங்கும் விளம்பரம் செய்த அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரோல்ட் கேம்பிங், அதுவும் பிறகு சொன்ன அக்டோபர் 21-உம் கடந்துபோனபின், அடுத்த வருடம் அப்படிச் சொன்னது பாவம் என்று பகிரங்கமாக எழுதினார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. அதற்குள் அவரை நம்பிய சிலர் சேமிப்பை எல்லாம் செலவழித்துவிட்டார்கள், அது திரும்பாது. ஆனாலும் அந்த வயதில் அவர் செய்ததை மதிக்கிறேன். நாள் குறித்த மற்ற பலர் அதைச் செய்யவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, ஜெபித்தும் சாவு நடந்த வீட்டுக்குப் போங்கள். அடக்கத்துக்கு வருகிறீர்கள், அதைச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துப் போங்கள்.

கடைசியாக, அந்தப் போதகருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இதை வாசிப்பீர்களோ தெரியாது. உங்கள் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அம்மா போய்ப் பல மாதம் கழித்துத்தான் பதினொன்றாவது நோட்டைத் திறக்கத் துணிந்தேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது, கடைசி வாரங்களில் எழுதியது. இடது பக்கத்தில், பென்சிலில், "போதகர் ஐயா தொண்டை வலி, பேசவே கஷ்டப்படுகிறார், சுகம் வேண்டும்" என்று இருக்கிறது. தேதியைப் பார்த்தால், நீங்கள் ஆகானைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதற்கு நான்கு நாள் கழித்து. வலது பக்கம் காலி. உங்களுக்குச் சுகமாகியிருந்தால் எந்தத் தேதியில் என்று தெரிவியுங்கள் ஐயா. அந்தப் பேனாவை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்த அம்மாவின் மூத்த மகன்